யாருடைய பொருள், யாருடைய நஷ்டம்?

வாசகர் கேள்வி – பதில்

செயலி வழியாக வரும் வாடகைக் கார், நாள் வாடகைக்கு விடப்படும் வீடு, வாசலுக்கு வரும் சாப்பாடு ஆகியவற்றைப் பற்றிய கேள்விகளைச் சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் எட்டு கடிதங்களுக்கு இங்கே பதில் தருகிறோம். எழுதியவர்களின் பெயர்களை, அவர்களுடைய நலன் கருதி, வெளியிடவில்லை.

எங்கள் பொருளியல் வகுப்பில், பகிர்வுப் பொருளாதாரம் என்பது சும்மா கிடக்கும் பொருளைப் பயனுக்குக் கொண்டுவரும் சிக்கனமான முறை என்று கற்பிக்கிறார்கள். சிக்கனம் நல்லதுதானே? பிறகு ஏன் இத்தனை எதிர்ப்பு?
— கல்லூரி மாணவி, திருச்சி

வகுப்பில் சொன்னது தவறில்லை. ஆனால் அது கதையின் தொடக்கம் மட்டும்தான். 2007இல் சான் பிரான்சிஸ்கோ நகரில் ஒரு மாநாட்டின்போது விடுதி அறைகள் நிரம்பிவிட்டன. வீட்டு வாடகை கொடுக்கத் திணறிக்கொண்டிருந்த இரண்டு இளைஞர்கள், தங்கள் வீட்டுத் தரையில் காற்றடைத்த மெத்தைகளை விரித்து மூன்று பேரைத் தங்கவைத்துக் காசு வாங்கினார்கள். அடுத்த ஆண்டு, வீடுகளை நாள் வாடகைக்கு விட உதவும் ஏர்பிஎன்பி நிறுவனமாக வளர்ந்தது அதுதான். அந்த முதல் இரவில் நடந்ததைப் பகிர்வு என்று தயங்காமல் சொல்லலாம். வீடு அவர்கள் குடியிருந்த வீடு. விருந்தாளியால் வரக்கூடிய தொல்லையும் அவர்களுடையதே. இன்றைக்கு இத்தகைய தளங்களில் இருக்கும் வீடுகளில் பல, யாரும் குடியிருக்காத, நாள் வாடகைக்காகவே வாங்கிப் போட்ட வீடுகள். பொருள் மாறிவிட்டது, பெயர் மட்டும் அப்படியே நிற்கிறது.

நம் ஊர் நிலவுடைமையில் விளைச்சலைப் பங்கிடும் வாரம், பேசிய அளவைக் கொடுக்கும் குத்தகை என்று இரண்டு முறைகள் உண்டு. வாரத்துக்கு விட்ட நிலத்தில் மழை பொய்த்தால் நிலத்துக்காரர் வீட்டுக்கும் நெல் போகாது. குத்தகையில் அப்படியில்லை, விளைந்தாலும் விளையாவிட்டாலும் பேசிய அளவை அளந்தாக வேண்டும். (வாரமுறையிலும் உழுதவனுக்கு அநீதி நடந்தது, அது தனியே பேச வேண்டிய வரலாறு.) லாபத்தோடு நஷ்டத்திலும் பங்கெடுப்பதுதான் பங்கு. செயலி நிறுவனங்கள் தமக்குச் சூட்டிக்கொண்ட பெயர் வாரத்தின் பெயர்; நடத்துவதோ குத்தகையைவிடவும் கடுமையானது. சவாரிக் கமிஷனாகவோ நாள் கட்டணமாகவோ அவற்றுக்குரிய தொகை முதலில் பிடிக்கப்பட்டுவிடுகிறது. டயர் வெடித்தாலும், கார் தெருவில் நின்றாலும், டெலிவரிக்குப் போனவர் கால் முறிந்து கிடந்தாலும் செலவு வண்டிக்காரருடையது. எதிர்ப்பு சிக்கனத்தின்மேல் இல்லை, இந்தப் பிரிவினையின்மேல்தான்.

என் கணவர் டிராவல்ஸ் ஒன்றில் மாதச் சம்பளத்துக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். 2016இல் என் நகைகளை அடகு வைத்து முன்பணம் கட்டி, கடனில் கார் எடுத்து ஒரு செயலியில் சேர்த்தோம். முதல் சில மாதங்கள் இன்சென்டிவ் நன்றாக வந்தது. பிறகு குறைந்துகொண்டே போனது. இப்போது பதின்மூன்று மணி நேரம் ஓட்டினாலும் வண்டி டியூ கட்டவே சரியாக இருக்கிறது. போன மாதம் ஒரு பயணி புகார் செய்தாராம், என்ன புகார் என்று சொல்லாமலே ஐடியை பிளாக் செய்துவிட்டார்கள். பத்து நாள் கழித்துத் திறந்தார்கள். யாரிடமும் நேரில் பேச முடியவில்லை. என் கணவர் முதலாளியா, தொழிலாளியா? யாராவது தெளிவாகச் சொல்லுங்கள்.
— ஓட்டுநரின் மனைவி, பெரம்பூர்

உங்கள் கடிதத்தின் கடைசிக் கேள்விக்கு முன்னால் உலகத்தின் பெரிய நீதிமன்றங்களே நின்று யோசித்திருக்கின்றன, அம்மா. ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நிறுவனத்தின் ஒப்பந்தத் தாளில் உங்கள் கணவர் 'பார்ட்னர்', அதாவது கூட்டாளி. சொந்த வண்டி வைத்துத் தானே தொழில் நடத்துபவர். நிறுவனம் வெறுமனே பயணியை அவரோடு இணைத்துவைக்கிறது. பிரிட்டனில் இதே வாதத்தைத்தான் ஊபர் நிறுவனம் முன்வைத்தது. 2016இல் தீர்ப்பாயத்தில் தொடங்கிய வழக்கில் 2021 பிப்ரவரி 19 அன்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, ஒப்பந்தத் தாளில் எழுதியிருப்பதை ஒதுக்கிவைத்துவிட்டு, தெருவில் நடப்பது என்ன என்று பார்த்தது. கட்டணத்தை யார் தீர்மானிக்கிறார்? நிறுவனம். ஒப்பந்த விதிகளை யார் எழுதுகிறார்? நிறுவனம். சவாரிகளைத் தொடர்ந்து மறுத்தால் தண்டிப்பது யார்? மதிப்பெண் குறைந்தால் வெளியேற்றுவது யார்? பயணியும் ஓட்டுநரும் நேரடியாக உறவு வைத்துக்கொள்ளாதபடி தடுப்பது யார்? எல்லாவற்றுக்கும் ஒரே விடை வந்ததால், அந்த ஓட்டுநர்கள் தொழிலாளர்களே என்றும், செயலியைத் திறந்துவைத்துச் சவாரிக்குக் காத்திருக்கும் நேரமும் வேலை நேரமே என்றும் நீதிமன்றம் முடிவு செய்தது. அடுத்த மாதமே அந்நாட்டிலிருந்த சுமார் 70,000 ஓட்டுநர்களுக்குக் குறைந்தபட்ச ஊதியமும் சம்பளத்துடன் கூடிய விடுப்பும் தருவதாக ஊபர் அறிவித்தது. ஆனால் கலிபோர்னியாவில் நடந்தது நேர்மாறு. ஓட்டுநர்களைத் தொழிலாளர்களாகக் கருத வழிசெய்த சட்டத்திலிருந்து விலக்குப் பெற, நிறுவனங்கள் 20 கோடி டாலருக்கும் மேல் செலவழித்துப் பிரசாரம் செய்து, 2020 நவம்பரில் மக்கள் வாக்கெடுப்பில் வென்றன.

இந்தியாவில் சட்டம் நடுவில் நிற்கிறது. 2020இல் இயற்றப்பட்டு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், கிக் தொழிலாளர் (வழக்கமான முதலாளி–தொழிலாளி உறவுக்கு வெளியே உழைப்பவர்) என்ற சொல்லை முதன்முறையாக ஏற்றுக்கொண்டு, நிறுவனங்கள் தம் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 விழுக்காடு வரை நல நிதிக்குத் தர வேண்டும் என்கிறது. தொழிலாளர்களுக்கு அந்நிறுவனம் கொடுக்கும் தொகையில் 5 விழுக்காடு என்பது அதற்கு உச்ச வரம்பு. நல்ல தொடக்கம்தான். ஆனால் குறைந்தபட்சக் கூலி, வேலை நேர வரம்பு ஆகியவற்றை அது இவர்களுக்குத் தரவில்லை. மத்திய அரசின் கொள்கை ஆலோசனை அமைப்பான நிதி ஆயோக் 2022இல் வெளியிட்ட கணிப்பின்படி 2020–21இல் இப்படி உழைத்தவர்கள் 77 லட்சம் பேர். 2029–30இல் அது 2.35 கோடியாகும். இத்தனை பேரை முதலாளி என்றும் சொல்லாமல் தொழிலாளி என்றும் சொல்லாமல் ஒரு நாடு வைத்திருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. உங்கள் கேள்விக்கு என் விடை: உங்கள் கணவர் தொழிலாளி. முதலாளிக்குரிய கடன் மட்டும் அவர் தலையில் வைக்கப்பட்டிருக்கிறது.

ஐடி பிளாக் விஷயத்துக்கு வருகிறேன். இதுதான் எல்லாவற்றிலும் கொடுமையானது என்று நினைக்கிறேன். சிறு கடையில் வேலை பார்ப்பவரைக்கூட, என்ன குற்றம் என்று சொல்லித்தான் நிறுத்துவார்கள். கர்நாடகம் 2025இல் கொண்டுவந்த சட்டத்தில், காரணத்தை எழுத்தில் தந்து 14 நாள் முன்னறிவிப்பு செய்யாமல் ஒருவரை நீக்கக் கூடாது என்றும், தொழிலாளர் தொடர்புகொண்டு பேச ஒரு மனிதர் இருக்க வேண்டும் என்றும் விதி இருக்கிறது. இதே பாதுகாப்பைத் தமிழ்நாட்டிலும் சட்டமாகக் கேட்பதற்கு ஓட்டுநர்களுக்கு முழு உரிமை உண்டு. தமிழ்நாட்டில் இத்தொழிலாளர்களுக்கான தனி நல வாரியம் 2023 டிசம்பரில் அமைக்கப்பட்டது. உங்கள் கணவர் பதிவு செய்திருக்கிறாரா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் விசாரித்துப் பதிந்துவிடுங்கள்.

இன்னொன்று. ஒரு மாதம் மட்டும் ஒரு நோட்டில் எழுதிப் பாருங்கள்: சவாரியோடு ஓடிய கிலோமீட்டர், காலியாக ஓடிய கிலோமீட்டர், எரிபொருள், டியூ, இன்சூரன்ஸில் அந்த மாதத்துக்குரிய பங்கு, எஃப்சி (வண்டித் தகுதிச் சான்று), டயர், சர்வீஸ். செயலி காட்டும் வருமானத்தில் காலியாக ஓடிய தூரம் தெரியாது. சில வாரங்களுக்கு முன் இரவில் என்னை வீட்டில் இறக்கிவிட்ட ஓட்டுநர் ஒருவர், என்னை ஏற்றிக்கொள்ள ஏழு கிலோமீட்டர் காலியாக வந்ததைச் சொன்னார்; என் சவாரியே ஒன்பது கிலோமீட்டர்தான். அந்த ஏழுக்கு அவருக்குக் கொடுத்தவர் யாரும் இல்லை. நோட்டு நிறைந்ததும், இந்த வண்டியைத் தொடர்ந்து ஓட்டுவதா, விற்றுக் கடனை அடைப்பதா என்பதை நீங்கள் இருவரும் உட்கார்ந்து பேசலாம். விற்பது தோல்வியாகாது.

செயலிகள் வருவதற்கு முன் சென்னை ஆட்டோக்களில் பேரம் பேசிப் பேசி நாங்கள் பட்ட பாடு உங்களுக்கு மறந்துவிட்டதா? எப்போதும் ஓட்டுநர் பக்கமே எழுதுகிறீர்கள்.
— வாசகர், மயிலாப்பூர்

மறக்கவில்லை. கட்டணம் முன்கூட்டியே தெரிவதும், இரவில் தனியாகப் போகும் பெண் தன் பயணத்தை வீட்டாருக்குக் காட்ட முடிவதும் உண்மையான நன்மைகள். அவற்றை யாரும் மறுக்கக் கூடாது. ஆனால் அந்தப் பேரத்துக்குப் பின்னால் இருந்ததையும் பாருங்கள். 2013 ஆகஸ்டில் அரசு நிர்ணயித்த கட்டணம், முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், பிறகு கிலோமீட்டருக்கு 12 ரூபாய். அதற்குப் பின் பத்தாண்டுகளுக்கும் மேல் எரிபொருள் விலை ஏறிய அளவுக்கு அது திருத்தப்படவே இல்லை. நியாயமான மீட்டர் கட்டணத்தை அவ்வப்போது திருத்தி, கண்காணித்து நடத்தியிருக்க வேண்டிய இடம் காலியாகக் கிடந்தது. அந்த இடத்தில்தான் செயலிகள் வந்து உட்கார்ந்தன. மீட்டருக்கு மேல் கேட்ட ஓட்டுநரைத் திட்டிய நாம், மழை பெய்யும்போது கட்டணத்தை ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு ஆக்கும் கணினியை முணுமுணுக்காமல் ஏற்றுக்கொள்கிறோம். அந்தக் கூடுதலில் எவ்வளவு ஓட்டுநருக்குப் போகிறது என்று இறங்கும்போது ஒருமுறை அவரிடமே கேட்டுப் பாருங்கள்.

எங்கள் குடியிருப்பில் 32 வீடுகள். இரண்டு வீடுகளின் உரிமையாளர்கள் வெளிநாட்டில் இருந்துகொண்டு, தளம் ஒன்றின் மூலம் நாள் வாடகைக்கு விடுகிறார்கள். வாரத்துக்கு நான்கு குடும்பங்கள் வந்து போகின்றன. கோடையில் லாரித் தண்ணீர் வாங்கும் செலவை எல்லோரும் சமமாகப் பகிர்கிறோம். கேட்டால், "என் வீடு, என் உரிமை" என்கிறார்கள். சங்கம் என்ன செய்யலாம்?
— குடியிருப்போர் நலச் சங்கச் செயலாளர், வேளச்சேரி

வீடு அவர்களுடையது, படிக்கட்டு, லிஃப்ட், ஆழ்துளைக் கிணறு, காவலாளியின் தூக்கம் ஆகியவை 32 பேருக்கும் பொது. அவர்கள் விற்பது தம் அறைகளை மட்டுமல்லாமல், உங்கள் எல்லோருக்கும் சொந்தமான அமைதியையும் தண்ணீரையும் சேர்த்துத்தான். வருமானம் அவர்களுக்கு மட்டும் போகிறது.

உலக நகரங்கள் இதில் ஏறத்தாழ ஒரே கோட்டைத்தான் வரைந்திருக்கின்றன. நியூயார்க்கில் 2023 செப்டம்பரிலிருந்து, 30 நாளுக்குக் குறைவாக வீட்டை விட வேண்டுமானால், வீட்டுக்காரர் அதே வீட்டில் உடன் இருக்க வேண்டும், விருந்தினர் இரண்டு பேருக்கு மேல் இருக்கக் கூடாது, நகராட்சியில் பதிவும் வேண்டும். பார்சிலோனா இன்னும் ஒரு படி மேலே போய், சுற்றுலாக் குடியிருப்புகளுக்கான 10,101 உரிமங்களையும் 2028 நவம்பருக்குள் முடிவுக்குக் கொண்டுவருவதாக 2024 ஜூனில் அறிவித்தது. பத்தாண்டுகளில் அங்கே வீட்டு வாடகை 68 விழுக்காடு உயர்ந்துவிட்டதாக மேயர் காரணம் சொன்னார். உரிமங்களை ஒழிப்பதால் மட்டும் வாடகை இறங்கிவிடும் என்று நான் நம்பவில்லை, புது வீடுகளும் கட்டப்பட வேண்டும். ஆனால் குடியிருக்க வேண்டிய வீடு விடுதியாவதைத் தடுக்காமல் புது வீடு கட்டிப் பயனில்லை. நம் மத்தியச் சுற்றுலா அமைச்சகத்தின் ஹோம்ஸ்டே திட்டமும், ஆறு அறைகள் வரைதான் என்றும், உரிமையாளர் குடும்பத்தோடு அங்கேயே வசிக்க வேண்டும் என்றும் நிபந்தனை வைத்திருக்கிறது. வீட்டுக்காரர் அங்கே இருக்கிறாரா என்பதுதான் உரசிப் பார்க்கும் கல். இருந்தால் விருந்தோம்பல், வேறு நாட்டில் இருந்தால் அது பெயர்ப்பலகை இல்லாத லாட்ஜ்.

நீங்கள் செய்யக்கூடியவை: பொதுக்குழுவைக் கூட்டி, 30 நாளுக்குக் குறைந்த வாடகை பற்றிச் சங்க விதிகளில் தெளிவான தீர்மானம் கொண்டுவாருங்கள். தண்ணீர், பராமரிப்புக் கட்டணத்தை அந்த வீடுகளுக்குப் பயன்பாட்டின்படி மாற்றுங்கள். வெளிநாட்டவர் யாரேனும் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டியது தங்கவைப்பவரின் கடமை என்பதை எழுத்து மூலம் நினைவூட்டுங்கள். தங்க வந்த குடும்பங்களிடம் மட்டும் கோபத்தைக் காட்ட வேண்டாம். அவர்களில் பலர் மருத்துவமனைக்கு வந்தவர்களாகக்கூட இருக்கலாம்.

மலைவாசத்தலம் ஒன்றில் வீடு பதிவு செய்தேன். என் பெயரைப் பார்த்ததும் "அந்த நாளில் வீடு இல்லை" என்று ரத்து செய்தார்கள். அதே நாளுக்கு என் அலுவலக நண்பர் வேறு மதப் பெயரில் கேட்டார், கிடைத்தது.
— வாசகர், நாகர்கோவில்

உங்களுக்கு நேர்ந்தது வெட்கக்கேடானது. இது தற்செயலும் இல்லை. 2015இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் மூவர் ஐந்து அமெரிக்க நகரங்களில் ஏறத்தாழ 6,400 வீட்டுக்காரர்களுக்கு, விவரம் எல்லாம் ஒன்றாக இருக்கப் பெயரை மட்டும் மாற்றிக் கோரிக்கை அனுப்பினார்கள். கறுப்பினத்தவர் என்று தெரியும் பெயர்களுக்கு ஒப்புதல் கிடைக்கும் வாய்ப்பு சுமார் 16 விழுக்காடு குறைவாக இருந்தது. பின்னர் 2018இல் ஏர்பிஎன்பி, பதிவை ஏற்ற பிறகே விருந்தினரின் படத்தை வீட்டுக்காரருக்குக் காட்டுவதாக மாற்றியது. ஆனால் நம் நாட்டில் படம் தேவையே இல்லையே. பெயர் போதும், சில சமயம் ஊரும் தெருவும் போதும்.

கடைகள், உணவகங்கள், விடுதிகள் ஆகியவற்றில் நுழைவதை மதம், இனம், சாதி, பால், பிறப்பிடம் காரணமாக மறுக்கக் கூடாது என்கிறது நம் அரசியலமைப்பின் 15(2)ஆம் பிரிவு. பெயர்ப்பலகை வைத்த விடுதிக்காரர் உங்களை இப்படித் திருப்பி அனுப்பினால் அந்தப் பிரிவைக் காட்டிக் கேட்கலாம். அதே வேலையைச் செய்துகொண்டே "இது விடுதி இல்லை, என் வீடு" என்பவரோ நழுவிவிடுகிறார். வரி, தீயணைப்புச் சான்றிதழ் ஆகியவற்றில் தப்பிப்பதைப் பற்றி நிறையப் பேர் பேசுகிறார்கள். சமத்துவத்திலிருந்தும் இப்படித் தப்பிக்க முடிகிறது என்பதுதான் எனக்கு அதிகம் உறுத்துகிறது. இரண்டு பதிவுகளின் ஸ்கிரீன்ஷாட்களையும் தேதி, நேரத்தோடு எடுத்துத் தளத்துக்கு எழுத்து மூலம் புகார் அனுப்புங்கள். உங்கள் நண்பரும் சேர்ந்து கையெழுத்திடட்டும். அது அவருடைய கடமையும்கூட.

அலுவலகத் தோழர்கள் மூவரை என் காரில் அழைத்துச் சென்று பெட்ரோல் காசைப் பங்கிட்டுக்கொள்கிறேன். குற்றமா?
— வாசகர், கோயம்புத்தூர்

தெரிந்தவர்கள் செலவைப் பங்கிட்டுக்கொள்வது அசல் பகிர்வு. ஆனால் வெள்ளைப் பலகை வண்டியில் முன்பின் தெரியாதவர்களை லாபத்துக்கு ஏற்றினால், பர்மிட் இல்லாமல் வாடகைக்கு ஓட்டியதாகும். விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் கையை விரித்துவிடலாம். செலவுக்கு மேல் ஒரு ரூபாய் வாங்காதவரை நிம்மதியாக ஓட்டுங்கள்.

நான் ஓய்வு பெற்ற ஆசிரியை. முழங்கால் வலியால் வெளியே போக முடியாது. மருந்து, காய்கறி எல்லாம் செயலி மூலம்தான் வருகின்றன. வெயிலில் அந்தப் பிள்ளைகள் மூன்று மாடி ஏறி வரும்போது மனம் கலங்குகிறது. நான் பாவம் செய்கிறேனா?
— வாசகி, மதுரை

இல்லை அம்மா. உங்களைப் போன்றவர்களுக்கு இந்தச் சேவை தேவை. நீங்கள் நிறுத்திவிட்டால் அந்தப் பிள்ளைக்கு ஒரு சவாரி குறையும், அவ்வளவுதான். நிறுவனத்தைத் திருத்துவது அரசின் வேலை, சங்கங்களின் வேலை. அந்தச் சுமையை உங்கள் மனசாட்சி தனியாகத் தூக்க வேண்டியதில்லை. உங்கள் கையில் இருப்பவை சில உண்டு. அவசரமில்லாத பொருளைச் சேர்த்து ஒரே தடவையாக வாங்குங்கள். தர விரும்பும் அன்பளிப்பைக் கையில் பணமாகக் கொடுங்கள். உணவகத்தில் தாமதமானதற்கு, கொண்டுவந்த பையனுக்கு நட்சத்திரத்தைக் குறைக்காதீர்கள். நமக்கு அது ஒரு விரல் அசைவு, அவருக்கு அடுத்த வாரத்து வேலை. உங்கள் கட்டடத்தில் "டெலிவரி ஆட்கள் லிஃப்டில் ஏறக் கூடாது" என்று பலகை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அதை எடுக்கச் சொல்ல உங்களைவிடத் தகுதியானவர் அந்தக் கட்டடத்தில் இருக்க மாட்டார்.

ஒரு விவரம்: பெங்களூரில் 2022இல் தொடங்கிச் சென்னைக்கும் வந்த நம்ம யாத்ரி போன்ற செயலிகள், சவாரிக்குச் சவாரி கமிஷன் பிடிக்காமல், ஓட்டுநரிடம் நாளுக்கு ஒரு சிறு தொகை மட்டும் வாங்குகின்றன. கேரள அரசே 2022இல் கேரள சவாரி என்ற சேவையைத் தொடங்கியது. ஆட்டோவுக்கு முடிகிற ஒன்று காய்கறிக்கும் ஒருநாள் முடியலாம்.

என் சிறுவயதில் எங்கள் ஊரில் கல்யாணத்துக்கு வேண்டிய அண்டா, குண்டா, ஜமக்காளம் எல்லாம் ஊருக்குப் பொதுவாக இருக்கும். ஒரு நோட்டில் எழுதிவிட்டு எடுத்துப் போவார்கள். இப்போது எல்லாமே வாடகைப் பாத்திரக் கடை. அந்த முறையைச் செயலி மூலம் மீட்க முடியாதா?
— வாசகர், புதுக்கோட்டை அருகே

முடியும். ஆனால் செயலி அதில் சின்னப் பகுதி. அமெரிக்காவின் பெர்க்கிலி நகரப் பொது நூலகம் 1979 முதல் சுத்தியல், துளையிடும் கருவி, ஏணி போன்றவற்றைப் புத்தகம் போலவே இரவல் தருகிறது. எவருக்கும் லாபம் இல்லை. கருவி உடைந்தால் யார் பொறுப்பு என்பது விதியில் இருக்கிறது. மாறாக, 2004இல் தொடங்கிய கவுச்சர்ஃபிங் என்ற தளத்தைப் பாருங்கள். முன்பின் தெரியாத பயணியைக் காசு வாங்காமல் வீட்டில் தங்கவைக்கும் லட்சக்கணக்கான மனிதர்களின் நம்பிக்கையால், தன்னார்வலர்களின் உழைப்பால் வளர்ந்தது அது. 2011இல் லாபநோக்கு நிறுவனமாக மாற்றப்பட்டது; 2020இல் உறுப்பினர்களே உள்ளே நுழையக் கட்டணம் கட்ட வேண்டியதாயிற்று. கட்டியவர்கள் பலர், சொந்தக்காரர்கள் சிலர் என்று ஆகிவிட்டால் இதுதான் நடக்கும்.

உங்கள் ஊர் அண்டா யாருக்குச் சொந்தம் என்பதில் ஐயமே இருந்ததில்லை. ஆனால் எனக்குச் சில விவரங்கள் தெரிய வேண்டும். அண்டா ஓட்டையானால் அதை அடைக்கும் செலவை யார் ஏற்றார்கள்? ஒரே முகூர்த்தத்தில் இரண்டு கல்யாணம் வந்தால் யாருக்கு முதலில்? எல்லாத் தெருக்காரர்களுக்கும் அந்தப் பாத்திரங்கள் கிடைத்தனவா, சிலருக்கு மறுக்கப்பட்டனவா? அந்த நோட்டு இன்னும் யார் வீட்டிலாவது இருந்தால், அதில் இருக்கும் விதிகளை எடுத்து எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் அப்படியே வெளியிடுகிறோம்.